ஓரத்துத் துண்டுகள்

ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் தழும்பு டாக்டர்தான். கிண்டலாக வைத்த பெயர். இருபது வருஷத்தில் கிண்டல் உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவள் படித்தது, எழுதியது, சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பேசி அடுத்தவர் பசியைக் கெடுத்தது எல்லாமே தழும்பைப் பற்றித்தான்.

அவளுடைய தழும்பு உடம்புக்குள் விழுவது. எங்காவது காயம் பட்டால் சில செல்கள் ஓடிவந்து நாரைச் சுரந்து அந்த இடத்தை அடைக்கும். அடைத்து முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். சிலருக்கு அவை அடங்குவதே இல்லை. காயம் ஆறிய பிறகும் நார்மேல் நாராகப் போட்டுக்கொண்டே இருக்கும். நுரையீரலில் அப்படி நடந்தால் அது பழைய செருப்பு மாதிரி விறைத்து மூச்சுக்கு இடமில்லாமல் போகும். உடம்பின் காவல் படையே சொந்த உடம்பை எதிரியென்று நினைத்துத் தாக்குகிற நோய்கள் உண்டு. அங்கே ஓயாத காயம், ஆகவே ஓயாத நார். புற்றுக்கட்டியோ இதே செல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தன்னைச் சுற்றிலும் நார்ச்சுவர் எழுப்பிக்கொள்ளும்.

"மூணு வியாதி, மூணு வார்டு, மூணு ஸ்பெஷலிஸ்ட். ஆனா மூணு வீட்லயும் புகுந்தது ஒரே திருடன்" என்பாள் தழும்பு டாக்டர், யாராவது கேட்டால். கேட்காவிட்டாலும் சொல்வாள்.

அந்தத் திருடனைப் பிடிக்க அவளும் அவள் குழுவும் பதினோரு வருஷம் பாடுபட்டு ஒரு மருந்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். வரிசையில் பதினேழாவதாகச் செய்து பார்த்ததால் அதற்குப் பதினேழு என்றே பெயர். நார் போடும் செல்களைத் தேடிப்போய்க் கொல்லும் மருந்து. எலிகளின் நுரையீரல் தழும்பை மூன்றே வாரத்தில் கரைத்துக் காட்டியது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. பெரிய மருந்து நிறுவனம் ஒன்று கைகோக்க முன்வந்தது. அவர்கள் நேரில் வந்து பார்த்து ஒப்பந்தம் போட ஒன்பது நாள்தான் பாக்கி.

கடைசியாக ஒரு சோதனை மட்டும் மிச்சம் இருந்தது: கட்டி உள்ள எலிகளில் பதினேழு என்ன செய்கிறது என்று. கணினியின் பதில் அன்று காலை வந்திருந்தது. கட்டியைச் சுற்றியுள்ள நார் அறுபது சதவீதம் குறைவு. குழுவில் இருந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். இயக்குநர் தன் அறையிலிருந்து இறங்கி வந்து எல்லோருக்கும் தேநீர் சொன்னார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

தேநீர் வாங்க வராத ஒரே ஆள் ஸ்லைடு அக்கா.

மெழுகில் பதித்த திசுவைத் தலைமுடியைவிடப் பதினைந்து மடங்கு மெல்லிய ஏடாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்திச் சாயம் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே முக்காலி. தழும்பு டாக்டரைவிட ஐந்து வயது மூத்தவள். நாலு பேர் முன்னால் "டாக்டர், நீங்க" என்பாள். தனியாக இருந்தால் "நீ, வா, போ"தான். தழும்பு டாக்டர் மாணவியாக வந்த முதல் வாரத்தில் சீவிக் கொடுத்த ஏடு கசங்கிய ஜவுளித்துணி மாதிரி இருந்ததைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பில் தொடங்கிய உறவு அது.

"டீ ஆறிப்போகுதுக்கா" என்று எட்டிப் பார்த்தாள் தழும்பு டாக்டர்.

"ஆறட்டும். கதவச் சாத்திட்டு உள்ள வா."

"என்ன விஷயம்?"

"இந்தக் கட்டியெல்லாம் சீவும்போது கைக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"பிளேடு மாத்திப் பாத்தீங்களா?"

"யாருகிட்ட என்ன கேக்குறே?" அக்கா முக்காலியைத் திருப்பிக்கொண்டாள். "கட்டியச் சுத்திச் சுவர் இருந்தா பிளேடு அந்த எடத்துல கரகரன்னு லேசா இழுக்கும். இதுல அது இல்லவே இல்ல. வெண்ணெயில போற மாதிரி வழுக்கிட்டுப் போவுது."

"அதுதானே நமக்கு வேணும். நார் கரைஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

"சரி, கரைஞ்சிருச்சு. சுவத்துக்குள்ள இருந்தது எங்க போச்சு?"

அக்கா ஒரு ஸ்லைடு தட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"கட்டிக்கு நடுவுலேருந்து மூணு துண்டு எடுக்கணும்னு நீதான் எழுதி வச்சிருக்கே. மூணு எடுத்து அனுப்பிட்டேன். அப்புறம் மனசு கேக்கல. ஓரத்துலேருந்தும் சீவினேன். ஈரலையும் சீவினேன். திட்டறதா இருந்தா பாத்துட்டுத் திட்டு."

நுண்ணோக்கியில் முதல் ஸ்லைடை வைத்தாள் தழும்பு டாக்டர். கட்டியின் ஓரம் சிந்திய மை மாதிரி கலைந்து கிடந்தது. அடுத்தது ஈரல். இளஞ்சிவப்புப் பரப்பின் நடுவே கருநீலப் புள்ளிகள் மூன்று. கட்டியின் செல்கள். அவை இருக்கவேண்டிய இடமே அல்ல அது.

ஆனாலும் கையளவு ஸ்லைடுகளை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருகிற ஆள் அவள் இல்லை. "இருபத்தி நாலு எலிக்கும் ஓரத்துத் துண்டு வேணும்க்கா. எது மருந்து சாப்பிட்ட எலி, எது சாப்பிடாததுன்னு எனக்கும் தெரியக்கூடாது, உங்களுக்கும் தெரியக்கூடாது. நம்பர அடுத்த லேப்ல யாரையாவது மாத்தி எழுதச் சொல்றேன்."

அக்கா மூன்று நாள் முக்காலியை விட்டு எழவில்லை என்றே சொல்லலாம். தழும்பு டாக்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். நான்காம் நாள் மதியம், எண்களைப் பூட்டி வைத்திருந்த உறையை இருவரும் சேர்ந்து பிரித்தார்கள். மருந்து கொடுக்காத பன்னிரண்டு எலிகளில் ஒன்றுக்குக் கட்டி ஈரலுக்குப் பரவியிருந்தது. பதினேழு கொடுத்த பன்னிரண்டில் ஏழுக்கு.

கட்டி தனக்காகக் கட்டிக்கொண்ட சுவர்தான். ஆனால் அதே சுவர் அதை வெளியே போகவிடாமல் தடுத்தும் வைத்திருந்தது. பதினேழு அந்தச் சுவரை அடியோடு இடித்துவிட்டது.

இயக்குநர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய் சொல்கிற மனிதர் அல்ல. அவசரம் உள்ள மனிதர். அந்த அவசரத்துக்குக் காரணம் நிலையத்தில் தழும்பு டாக்டருக்கு மட்டும்தான் தெரியும்.

"எங்க அண்ணன் கடைசி எட்டு மாசம் படுக்கவே இல்ல டாக்டர். உக்காந்துகிட்டேதான் தூங்குவான். படுத்தா மூச்சு முட்டும். நுரையீரல் முழுக்கத் தழும்பு. அந்த மாதிரி ஆட்களுக்கு இந்த மருந்து உதவும்தானே?"

"உதவும் சார்."

"அப்ப புத்துநோய் உள்ளவங்களுக்குக் குடுக்கக்கூடாதுன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிடலாமே."

"யாருக்குப் புத்து இருக்குன்னு எப்படி சார் தெரியும்? நுரையீரல்ல தழும்பு விழுந்தவங்களுக்குப் புத்து வர்ற வாய்ப்பு மத்தவங்களவிட அதிகம். சின்னதா ஒண்ணு, சுவத்துக்குள்ள சும்மா தூங்கிட்டு இருக்கும். ஸ்கேன்லகூடத் தெரியாது. நாம போயி அந்தச் சுவர இடிச்சுட்டு வந்தா?"

இயக்குநர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

"கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க. என் வாயால வராது" என்றார் கடைசியில்.

அன்று மாலை வீட்டில் அவள் கணவர் கதையை முழுக்கக் கேட்டார். மெத்தைக்கடை வைத்திருப்பவர், ஆராய்ச்சி பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. "பதினோரு வருஷம்" என்றார். பிறகு, "சரி, நல்ல வேளை" என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். அவள் அதற்குப் பிறகுதான் அழுதாள்.

கூட்டத்துக்கு நிறுவனத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் நரைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. தழும்பு டாக்டர் நுரையீரல் படங்களைக் காட்டவே இல்லை. நேராக ஓரத்துத் துண்டுகளைத் திரையில் போட்டாள். பன்னிரண்டில் ஒன்று, பன்னிரண்டில் ஏழு. இதை மனிதர்களுக்குக் கொடுக்கத் தான் சம்மதிக்க முடியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நரைமுடிப் பெண்மணி நோட்டை மூடினார். "எங்க ஆளுங்க இதக் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகுலுக்கிக் கிளம்பினார்.

ஒப்பந்தம் போயிற்று. குழுவில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் ஆறு மாதத்துக்குள் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. நான்கு அறை இரண்டு அறையாயிற்று. வேறு நிலையங்களில் இருந்தவர்கள், "தன் வீட்டுக்குத் தானே கொள்ளி வச்சுக்கிட்டா" என்று பேசிக்கொண்டது அவள் காதுக்கும் வந்தது.

அந்த வருஷத்துக் குளிர்காலத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. ஒருநாள் காலை அக்காவின் கையிலிருந்து கண்ணாடித் துண்டு நழுவி உடைந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நடக்காதது. குனிந்து பொறுக்கப்போனவளின் விரல்களைத் தழும்பு டாக்டர் அப்போதுதான் பார்த்தாள். நுனிகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன. தோல் பளபளவென்று இறுகி, விரல்கள் பாதிக்குமேல் மடங்கவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி இருக்குக்கா?"

"ஒண்ணரை வருஷம் இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எலியத்தான பாப்ப" என்று சிரித்தாள் அக்கா.

தோல் இறுகும் நோய் அது. காவல் படை சொந்த உடம்பைத் தாக்கி, தோலிலும் உள்ளுறுப்பிலும் நார் மண்டிப்போகிற வகை. தழும்பு டாக்டர் பாடம் நடத்துகிற நோய். உலகமெல்லாம் போய்ப் பேசிய நோய். அது அடுத்த அறையிலேயே உட்கார்ந்து அவளுக்கு ஸ்லைடு செய்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றே அக்காவைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். நுரையீரலின் அடிப்பகுதியிலும் தழும்பு தொடங்கியிருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் நோயின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இனிமேல் பிளேடு பிடிக்கவேண்டாம் என்றார். அக்கா பிளேடை விட்டாள், முக்காலியை விடவில்லை. பிளேடுக்கு வேறொரு ஆளைப் போட்டார்கள். சாயம் ஏற்றுவதையும் ஸ்லைடு பார்ப்பதையும் அக்கா தானே வைத்துக்கொண்டாள்.

தழும்பு டாக்டர் இப்போது கேள்வியையே மாற்றிப் போட்டாள். நார் போடும் செல்லைக் கொன்றால் சுவர் இடிகிறது. கொல்லாமல் அடக்க முடியுமா? நல்ல உடம்பில் காயம் ஆறியதும் அவை தாமாகவே அடங்குகின்றனவே, அது எப்படி?

பதினான்கு மாதம் இதற்காக மல்லுக்கட்டினாள். தட்டில் செல்களை வளர்த்து, தெரிந்த மருந்துகளையெல்லாம் ஊற்றிப் பார்த்தாள். எதற்கும் அடங்கவில்லை. தட்டில் வைத்த மறுநாளே வரிந்துகட்டிக்கொண்டு நார் போட ஆரம்பித்துவிடும். செல்களுக்குப் பிடிவாதம் அதிகமா இவளுக்கா என்று இயக்குநரே கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவரின் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். புதிதாகக் கல்யாணமான இருவர் மெத்தை பார்க்க வந்திருந்தார்கள். ஒவ்வொரு மெத்தையிலும் உட்கார்ந்து, கையால் அமுக்கி, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தார்கள். அரை மணி நேரம் அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டு நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

"எல்லாத்துலயும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். மிருது, நடுத்தரம், கெட்டின்னு" என்று கணவர் அலுத்துக்கொண்டார். "ஒருத்தராவது ஸ்டிக்கரப் படிக்கிறாங்களா பாரு. அமுக்கிப் பாத்துட்டுத்தான் முடிவு பண்றாங்க."

தழும்பு டாக்டர் எழுந்து நின்றாள்.

"என்ன, நீயும் நாளைக்கு வரேன்னு போறியா?"

"நான் இத்தன நாளும் அதுங்கள எதுமேல வளத்துட்டு இருக்கேன் தெரியுமா? பிளாஸ்டிக் தட்டுங்க. கல்லு மாதிரி கெட்டி. நல்ல நுரையீரல் எவ்வளவு மெத்துன்னு இருக்கும். அதுங்க கால வச்சு அமுக்கிப் பாத்துட்டு, ஓகோ, இது தழும்பு விழுந்த எடம், இன்னும் வேலை இருக்குன்னு நெனைக்குதோ என்னவோ."

கணவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிலையத்துக்குக் கிளம்புவதைப் பார்த்ததும் விஷயம் பெரிது என்று புரிந்தது. "சாவி எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மென்மையான இடத்தில் செல்களை வளர்ப்பது ஏற்கெனவே சிலர் செய்து பார்த்ததுதான். அவளுக்கு அது தன் கேள்விக்கான சாவி என்று தோன்றியது அன்றைக்குத்தான். நுரையீரலைப் போலவே மெத்தென்ற கூழ் ஒன்றைத் தயாரித்து அதன்மேல் செல்களை வைத்தாள். நான்காம் நாள் அக்காதான் முதலில் பார்த்தாள்.

"அடங்கிடுச்சு" என்றாள். பிறகு நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "செத்துப்போகல. உயிரோடதான் இருக்கு. சும்மா இருக்கு" என்றாள்.

அதன்பிறகு வேலை சூடு பிடித்தது. தன் அடியில் உள்ள இடம் கெட்டியா மிருதுவா என்று செல் எதை வைத்துத் தெரிந்துகொள்கிறது? கொக்கி போன்ற ஒரு புரதம் கிடைத்தது. அந்தக் கொக்கி இடத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறது. இழுபட மறுத்தால் உள்ளே சேதி போகிறது. கொக்கியின் பிடியைத் தளர்த்தும் மருந்துகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். நாற்பத்தொன்றாவது வேலை செய்தது. கல் போன்ற பிளாஸ்டிக் தட்டில் வைத்தாலும் செல்கள் மெத்தென்ற இடத்தில் இருப்பதாக எண்ணி அடங்கின. எலிகளின் நுரையீரலில் புதுத் தழும்பு நின்றது. பழையதை உடம்பு தானே மெதுவாகக் கரைத்தது. பதினேழின் வேகம் இல்லை. மூன்று வாரத்துக்குப் பதில் மூன்று மாதம்.

அடுத்து கட்டி உள்ள எலிகள். இந்த முறை விதிமுறையின் முதல் வரியே "ஓரத்துத் துண்டுகள்" என்றுதான் தொடங்கியது. எண்களை மாற்றி எழுத வெளியூர் நிலையம் ஒன்றைக் கேட்டுக்கொண்டார்கள். உறையைப் பிரிக்கும்போது இயக்குநரும் வந்து நின்றார். மருந்து இல்லாதவற்றில் பன்னிரண்டில் இரண்டு. நாற்பத்தொன்று கொடுத்தவற்றில் பன்னிரண்டில் ஒன்று. சுவர் இடியவில்லை, மெலிந்திருந்தது, அவ்வளவே. மெலிந்த சுவர் வழியாகப் புற்றுக்கான வழக்கமான மருந்து உள்ளே போய், கட்டியைப் பாதியாகச் சுருக்கியிருந்தது.

"மறுபடி பண்ணுங்க" என்றார் இயக்குநர்.

மறுபடியும் செய்தார்கள். வேறு இரண்டு நாட்டு ஆய்வகங்களும் செய்து பார்த்தன. மூன்று இடத்திலும் அதே முடிவு. நரைமுடிப் பெண்மணி, இப்போது முழுக்க வெள்ளைமுடிப் பெண்மணி, தொலைபேசியில் கூப்பிடக்கூட இல்லை; நேராக வந்துவிட்டார். "போன தடவை நீங்க என்னைய நிறுத்தினீங்க. அதனாலதான் இந்தத் தடவை நம்பி வந்திருக்கேன்" என்றார். தன் வீட்டுக்குத் தானே கொள்ளி வைத்துக்கொண்டவள் என்று பேசினவர்கள் இப்போது மாநாட்டில் அவள் பேச்சுக்கு இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்று கேட்டார்கள்.

நல்ல உடம்புள்ளவர்களில் மருந்து பத்திரமானதா என்று பார்த்து முடித்த பின், தோல் இறுகும் நோயால் நுரையீரலில் தழும்பு விழுந்த முந்நூறு பேரை எட்டு மருத்துவமனைகளில் சேர்த்தார்கள். எல்லோரும் வழக்கமான மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கூடுதலாகப் பாதிப் பேருக்கு நாற்பத்தொன்று; பாதிப் பேருக்கு அதே நிறத்தில் ஒன்றுமில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற மருத்துவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழித்துத்தான் உறை பிரியும்.

அந்த முந்நூறில் ஒருத்தி ஸ்லைடு அக்கா. தழும்பு டாக்டரிடம் சொல்லாமலே பக்கத்து ஊர் மருத்துவமனையில் மனு கொடுத்திருந்தாள். தான் எங்கே வேலை பார்க்கிறாள் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். நெறிமுறைக் குழு யோசித்து, இந்தச் சோதனையின் ஸ்லைடுகளை அவள் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தது. தழும்பு டாக்டர் சண்டைக்கே போனாள்.

"வேற யாரையோ வச்சுப் பாக்கலாம், என்னைய வச்சுப் பாக்கக்கூடாதா?" என்றாள் அக்கா. "எல்லா நோயாளியும் யாருக்கோ அக்காதான்."

அந்த ஒரு வருஷம் இருவரும் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தழும்பு டாக்டர் அக்காவின் விரல்களைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். முகத்தைப் பார்த்துப் பேசுவாள், இல்லாவிட்டால் கூரையை.

உறை பிரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. நிலையத்தின் கூட்ட அறையில் நாற்காலி போதாமல் ஆட்கள் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். புள்ளிவிவரக்காரர் ஒரு மெலிந்த மனிதர். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே முகத்தோடு சொல்கிறவர். ஒன்றுமில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரலின் கொள்ளளவு எதிர்பார்த்தபடி குறைந்திருந்தது என்றார். நாற்பத்தொன்று சாப்பிட்டவர்களுக்குக் குறைவது நின்றிருந்தது. நின்றதோடு போகவில்லை. மூன்றில் ஒருவருக்கு மேல் கூடியிருந்தது. புற்று எந்தப் பக்கத்திலும் அதிகமாகவில்லை. ஆனால் ஒரு வருஷம் போதாது, இன்னும் ஐந்து வருஷம் பார்க்கவேண்டும் என்றார்.

இயக்குநர் எழுந்து வெளியே போனார். நடைவழியில் அவர் தன் அண்ணியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணி, வந்துடுச்சு. கூடுது. மூச்சு கூடுது" என்று சொல்வது உள்ளே எல்லோருக்கும் கேட்டது. அதன்பிறகுதான் கைதட்டல் எழுந்தது. அது நிற்க நேரமாயிற்று.

அன்று மதியம், பக்கத்து ஊர் மருத்துவமனையிலிருந்து அக்காவுக்கும் தகவல் வந்துவிட்டது. முக்காலியில் உட்கார்ந்து அவள் அந்தத் தாளைப் படித்துவிட்டு தழும்பு டாக்டரிடம் நீட்டினாள்.

அக்கா சாப்பிட்டது ஒன்றுமில்லாத மாத்திரை. ஒரு வருஷத்தில் அவள் நுரையீரல் கொள்ளளவு நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தது.

தழும்பு டாக்டர் அந்த எண்ணை மறுபடி படித்தாள். "அக்கா" என்றாள்.

"எனக்கு மூணாவது மாசமே தெரியும்" என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரிக்கு வர்ற மத்தவங்கள்ல சில பேருக்குத் தோலு எளகுது. எனக்கு இல்ல. என் விரலு எங்கிட்டப் பொய் சொல்லுமா?"

"அப்பவே விலகியிருக்கலாமே. உங்கள யாரும் கட்டிப்போடலையே."

"நான் விலகுனா பக்கத்துல இருக்கறவளும் விலகுவா. அப்படியே ஒவ்வொருத்தரா கம்பி நீட்டிட்டா உன் கணக்குல ஓட்ட விழுந்துடும். அந்தக் கணக்க யாரு நம்புவாங்க? சும்மா மாத்திரை தின்னவங்களும் கடைசிவரைக்கும் நின்னாத்தான் நிஜ மாத்திரைக்கு மரியாதை." அவள் தாளை வாங்கி மடித்தாள். "ஐஞ்சு போச்சுன்னா போகட்டும். நூத்தம்பது பேருக்கு நிக்குதுல்ல. அதுல நானும் ஒரு கை போட்டிருக்கேன். இப்ப அழாம, எனக்கு நிஜ மாத்திரை எப்பத் தருவாங்கன்னு கேட்டுச் சொல்லு."

சும்மா மாத்திரை சாப்பிட்ட அத்தனை பேருக்கும் மறுவாரமே நாற்பத்தொன்று கொடுத்தார்கள். அக்காவுக்கு ஏழாம் மாதத்தில் தோல் இளகத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை வந்ததும் வராததுமாகத் தழும்பு டாக்டரைக் கூப்பிட்டு, "இன்னிக்குச் சட்டைப் பட்டன் ஆறையும் நானே போட்டேன், யாரையும் கூப்பிடல" என்றாள். போன ஐந்தில் இரண்டு திரும்பி வந்திருந்தது. மீதி வருமோ வராதோ. வந்த இரண்டைப் பற்றி மாடி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

மருந்துக்கு அனுமதி கிடைத்தது. புற்று நோயாளிகளிடம் அதைச் சோதிக்கும் வேலையும் தொடங்கியது. தழும்பு டாக்டருக்குக் கடிதங்கள் வந்தபடி இருந்தன. ஆனால் அவளுக்கு நம்பிக்கை வந்தது கடிதத்தால் இல்லை. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, முன்பின் தெரியாத ஒரு மனிதர் இரண்டாம் மாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் வெள்ளை வண்ணம் காய்ந்திருந்தது. சற்றே மூச்சு வாங்கியது.

"தழும்பு டாக்டர் யாருங்க?"

"நான்தான். உக்காருங்க. லிஃப்ட் வேலை செய்யலையா?"

"செய்யுதுங்க. படியேறி வந்தேன்னு சொல்றதுக்குத்தான் வந்தேன்."

அவர் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற பெயிண்டர். முந்நூறு பேரில் ஒருவர். நான்கு வருஷத்துக்கு முன் ஏணியில் மூன்றாம் படிக்குமேல் ஏற முடியாமல் தொழிலை விட்டவர். இப்போது மறுபடியும் ஏறுகிறாராம். தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர் பார்வை நடைவழிச் சுவருக்குப் போய்விட்டது.

"இத யாருங்க அடிச்சது? விரிசல அடைக்கப் பட்டியே பாக்காம மேலாப்புல அடிச்சுட்டுப் போயிருக்கான். அதான் செதில் செதிலா உரியுது."

"அது கிடக்கு, பத்து வருஷமா அப்படித்தான்" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள் ஸ்லைடு அக்கா.

"அப்படி விடலாமாங்க? நான் வந்து செஞ்சு தரேன்."

இயக்குநர் அதற்கு விதிமுறை இருக்கிறது, டெண்டர் இருக்கிறது என்று இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டு, பிறகு தன் கையெழுத்தைப் போட்டார். அடுத்த வாரம் பெயிண்டர் ஏணியோடு வந்தார். பழைய வண்ணத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, காயவிட்டு, வெளிர்மஞ்சளில் இரண்டு கோட் அடித்தார். மூன்று நாளும் ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டு விசிலடித்தபடியேதான் வேலை பார்த்தார். ராகம் கொஞ்சம் தப்பும் தவறுமாக இருந்தது. இரண்டாம் மாடியில் ஒருவரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.